தீ அணைந்த மலையில், ரம்பம் எடுப்பதற்கு முன்: சேர்வராயன் சரிவுகளுக்கான செய்முறை

மலையில் தீ அணைந்து ஒரு வாரம் ஆவதற்குள் மரம் வாங்குகிறவர் எஸ்டேட் வாசலுக்கு வந்துவிடுவார். "எல்லாம் கருகிப்போச்சுங்க, இன்னும் ரெண்டு மாசம் விட்டா வண்டு விழுந்துடும், இப்பவே குடுத்தா ஒரு விலை கிடைக்கும்" என்பார். அவர் சொல்வதில் பாதி சரி. காபிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் செத்தால், சில வாரங்களிலேயே அதில் துளைப்பான் வண்டு இறங்கிவிடும். ஆனால் கருகியதெல்லாம் செத்துவிட்டது என்பது சரியில்லை. மாசி, பங்குனியில் எரிந்த மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று வைகாசிக்கு முன் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. தீ வராவிட்டாலும் அந்த மாதங்களில் நம் மலையின் பெரும்பாலான மரங்கள் இலையில்லாமல்தான் நிற்கும்.

சேலத்தை ஒட்டி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பட்டா நிலமோ காபித் தோட்டமோ வைத்திருப்பவர்களுக்கும், ஊர் வனக்குழுவில் இருப்பவர்களுக்கும் எழுதிய செய்முறை இது. அடிப்படை விதி ஒன்றுதான்: ஆள்மேலோ வீட்டின்மேலோ சாலையின்மேலோ விழக்கூடிய மரத்தைத் தவிர வேறெதையும் முதல் மழைக்காலம் முடியும்வரை வெட்டாதீர்கள். அதுவரை செய்ய வேண்டிய வேலை மண்ணில்தான் இருக்கிறது.

எரிந்தது எந்தக் காடு?

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்துக்குள் மூன்று விதமான காடு இருக்கிறது, தீ மூன்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

அடிவாரக் கரடுகளில் உசிலும் முட்புதரும் உயரப்புல்லும்தான் அதிகம். அங்கே தீ புல்லோடு ஓடி, நின்ற இடத்தை நிமிடங்களில் கடந்துவிடும். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் சில சென்டிமீட்டருக்குக் கீழே வேரும் விதையும் தப்பிவிடும். முதல் மழை விழுந்ததும் புல் தழைக்கிறது.

நடுச்சரிவில் இலையுதிர் காடு: வேங்கை, கருமருது, வெக்காலி, தேக்கு, நெல்லி, கடுக்காய், இடையிடையே மூங்கில். முதிர்ந்த மரங்களுக்குப் பட்டை தடிமன். உள்பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படலம் 60 டிகிரி செல்சியஸை எட்டினால் சாகும். தரையோடு போகும் தீ தடித்த பட்டைக்குள் அந்தச் சூட்டை ஏற்றுவதற்குள் நகர்ந்துவிடும். இளங்கன்றின் தண்டு கருகினாலும் வேர் பிழைத்துத் துளிர்விடும். எப்போதாவது வரும் தரைத்தீயை இந்தக் காடு தாங்கும். வருடம் தவறாமல் வந்தால் தாங்காது. துளிர்த்த கன்று மறுபடி கருகும், அடுத்த ஆண்டும் கருகும், கடைசியில் வேரில் சேமிப்பே இருக்காது. அப்படிப்பட்ட சரிவில் மேலே பெரிய மரங்கள் நிற்கும், கீழே ஓர் இளமரம்கூட இருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் காடு நன்றாகத்தான் தெரியும்.

உச்சிப் பகுதியில் எஞ்சியிருக்கும், பசுமை மாறாத சோலைக்காட்டுத் துண்டுகளும் அவற்றை ஒட்டிய காபித் தோட்டங்களும் வேறு கதை. சோலை மரங்களுக்குப் பட்டை மெல்லியது, இலைச்சருகு ஈரமானது, தீயோடு பழகாத காடு. அங்கே ஒருமுறை தீ புகுந்தால் விளிம்பு உள்வாங்கும், அந்த இடத்தைப் புல்லும் உண்ணிச்செடியும் (லண்டானா) பிடித்துக்கொள்ளும். "காட்டுக்குத் தீ நல்லது" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்தக் காட்டுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்தில் மின்னல் பெரும்பாலும் மழையோடுதான் வருகிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பிடிக்கிற தீ அநேகமாக எல்லாமே மனிதர் வைத்தது அல்லது விட்டது: மலைப்பாதை வளைவில் எறிந்த பீடித்துண்டு, வயல் ஓரத்தில் கொளுத்திய குப்பை, புதுப்புல்லுக்காக வைத்த நெருப்பு, தேன் எடுக்கப் போனவர் அணைக்காமல் விட்ட பந்தம். அதற்காக மலைவாசிகள் வைக்கிற தீ எல்லாமே அழிவு என்று சொல்லிவிடவும் முடியாது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளிகர் பழங்குடியினர் ஆண்டின் தொடக்கத்திலேயே, சருகு குறைவாக இருக்கும்போது, சின்னத் தீயாகக் கொளுத்தி வந்தார்கள். அந்த வழக்கத்தைத் தடுத்த பிறகு உண்ணிச்செடி பெருகியது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்பது அவர்கள் சொல்வது. ஆய்வாளர்களும் அதைக் கவனமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு கிளம்ப வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். உண்ணிச்செடி மண்டிய இன்றைய காட்டில் சின்னத் தீ சின்னதாக நிற்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

உள்ளே போகும் முன்

புகை அடங்கிவிட்டது என்பதற்காக உடனே நுழையாதீர்கள். பட்ட மரத்தின் அடிவேர் மண்ணுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே சாம்பல் மூடிய குழியில் கால் வைத்தால் முழங்கால்வரை வெந்துவிடும். நீண்ட இரும்புக்கம்பியால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே நடங்கள். காற்று வீசும் பிற்பகலில் வேண்டாம், காலையில் போங்கள். தனியாகப் போகாதீர்கள். சந்தேகமான மரத்திலிருந்து அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நில்லுங்கள். சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நடக்கக் கூடாது, ஏனென்றால் பிடித்துவைத்திருந்த வேரும் புல்லும் எரிந்துபோனதால் கல் தானாகவே உருளும். நிலம் காப்புக்காட்டை ஒட்டியிருந்தால் வனவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்த பிறகு, தீக்காலத்தில் காட்டுக்குள் ஆள் நடமாட்டத்தை வனத்துறை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

தீயின் கடுமையைப் படித்தல்

ஒரு ஏக்கருக்கு நான்கைந்து இடங்களில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் அளந்து, மூலைகளில் கல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். கைபேசியில் இருப்பிடத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று ஆண்டுகள் இதே சதுரங்களுக்குத்தான் திரும்பி வரப்போகிறீர்கள். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

சாம்பலின் நிறம் முதலாவது. கருப்புச் சாம்பலும் பாதி எரிந்த சருகும் கிடந்தால் தீ லேசாகப் போயிருக்கிறது. வெள்ளைச் சாம்பல் என்றால் முழுக்க எரிந்திருக்கிறது. மண்ணே செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தால் அங்கே ஒரு கட்டை மணிக்கணக்கில் கிடந்து எரிந்திருக்கிறது, அந்த இடத்தில் விதையும் வேரும் மிஞ்சியிருக்காது. பெரும்பாலான சரிவுகளில் இப்படிப்பட்ட செம்மண் திட்டுகள் சிறிதாகவும் சிதறியும்தான் இருக்கும்.

இரண்டாவது, புதரில் மிஞ்சிய குச்சிகளின் நுனித் தடிமன். பென்சில் கனத்துக்கும் குறைந்த குச்சிகள் மிஞ்சியிருந்தால் பயமில்லை. விரல் கனத்துக்குக் கீழே எல்லாம் போயிருந்தால் அது கடுந்தீ.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இலைச்சருகில் உள்ள மெழுகுப்பொருள் சூட்டில் ஆவியாகி, கீழே குளிர்ந்த மண்துகளில் படிந்து, தண்ணீர் ஒட்டாத படலமாகிவிடும். சில்வர் ஓக், தைல மரம் இவற்றின் சருகு கனமாகக் கிடந்த இடங்களில் முதலில் பாருங்கள். சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 5 வினாடிக்குள் உறிஞ்சினால் சரி. அதற்கு மேலும் முத்தாக நின்றால் படலம் இருக்கிறது. 2 செ.மீ. சுரண்டி மறுபடி விடுங்கள், மேலே உறிஞ்சி அடியில் நிற்பதும் உண்டு. சதுரத்துக்குப் பத்து இடத்தில் விட்டு, பாதிக்கு மேல் நின்றால் அந்தச் சரிவுக்குத்தான் முதல் வேலை.

நான்காவது, வேர். கைப்பிடி மண்ணைத் தோண்டி மெல்லிய வேர்களை முறித்துப் பாருங்கள். வளைந்து முறிந்தால் உயிர் உண்டு, பொடிந்தால் இல்லை.

மரத்துக்கு உயிர் இருக்கிறதா?

தீ அணைந்து மூன்று நான்கு வாரம் கழித்துச் செய்யுங்கள். முந்தினால் செத்த உள்பட்டையும் ஈரமாகத்தான் தெரியும்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கத்தியால் பட்டையில் 2 செ.மீ. அகலச் சன்னல் வெட்டுங்கள். மேட்டுப்பக்கத்தைத் தவறவிடாதீர்கள். சரிவில் உருண்டு வரும் சருகெல்லாம் மரத்தின் மேட்டுப்பக்க அடியில்தான் சேரும், தீயும் அங்கேதான் சுழன்று நிற்கும். உள்பட்டை வெளிறி, ஈரமாக, வழுக்கினால் உயிருள்ளது. பழுப்பேறி, காய்ந்து, புளித்த வாடை அடித்தால் அந்தப் பக்கம் செத்தது. வேங்கையில் மட்டும் ஏமாறாதீர்கள். வெட்டின இடத்தில் ரத்தம்போல் சிவந்த பால் வடிவது அதன் இயல்பு, அது உயிரின் அடையாளம்தான்.

நான்கு பக்கமும் உயிர் என்றால் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். ஒன்றிரண்டு பக்கம் செத்திருந்தாலும் வெள்ளைக் கோடுதான். அந்த மரம் நாளைக்குப் பொந்து விழலாம், ஆனால் வாழும். மூன்று பக்கமோ நான்குமோ செத்திருந்தால் மஞ்சள் கோடு: இரண்டு மழைக்காலம் காத்திருக்க வேண்டிய மரம். நாட்டு மரங்களில் தண்டு செத்தாலும் அடியிலிருந்து துளிர் வரும் வாய்ப்பு நிறைய. சில்வர் ஓக் அப்படி இல்லை. நான்கு பக்கமும் பழுப்பு என்றால் அடியிலிருந்து நன்றாகத் தழைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சிவப்புக் கோடு வேறு கணக்கு. உயிர் இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. அடிமரத்தில் பாதிக்கு மேல் எரிந்து குடைந்திருப்பது, தாங்குவேர் எரிந்து மரம் சாய்ந்திருப்பது, முறிந்த கிளை மேலே தொங்குவது, கோடாரியின் பின்பக்கத்தால் தட்டினால் மேளம்போல் ஒலிப்பது: இவற்றில் ஒன்று இருந்து, மரம் விழுந்தால் எட்டும் தூரத்தில் வீடு, தோட்டத் தொழிலாளர் லைன் வீடு, மின்கம்பி, பள்ளிக்கூடத்துப் பாதை, சாலை ஏதாவது இருந்தால் சிவப்பு. மே மாதக் கோடை விழாவுக்கு வண்டிகள் வரிசை கட்டும் மலைப்பாதை ஓரத்தில் இந்தச் சோதனையை ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும். அதே மரம் ஆளில்லாத சரிவின் நடுவில் நின்றால் கோடு எதுவும் வேண்டாம், அப்படியே நிற்கட்டும்.

வெட்டுவதா, விடுவதா: உலகெங்கும் நடக்கும் சண்டை

இந்த வாதம் அமெரிக்காவில்தான் மிகவும் சூடாக நடந்தது. 1988-இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தபோது, இனி அங்கே காடே இருக்காது என்று பலர் எழுதினார்கள். அங்குள்ள ஒருவகைப் பைன் மரத்தின் காய் பிசினால் மூடியிருக்கும், சூடு பட்டால்தான் திறக்கும். கருகிய மரங்களின் காலடியில் கன்றுகள் தாமாகவே அடர்ந்து முளைத்தன. 2002-இல் ஓரிகன் மாநிலத்தில் பிஸ்கட் தீ என்று பெயரிட்ட பெருந்தீ ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கரை எரித்தது. எரிந்த மரத்தை வெட்டி விற்று, அந்தப் பணத்தில் கன்று நட வேண்டும் என்றது ஒரு தரப்பு. 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த சிறிய ஆய்வு, வெட்டிய இடங்களில் தானாக முளைத்த கன்றுகள் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்றும், வெட்டியபின் சிதறிக்கிடந்த கிளைகளால் தரையில் எரிபொருள் கூடிவிட்டது என்றும் காட்டியது. அந்த ஆய்வு அச்சேறுவதை நிறுத்திவைக்கச் சொல்லி ஆய்வாளர்கள் இருந்த ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் சிலரே கேட்டார்கள் என்றால், விவகாரம் எவ்வளவு முற்றியிருந்தது என்று புரியும். 2007-இல் இன்னொரு ஆய்வு வந்தது: பிஸ்கட் தீ போன இடத்திலேயே 1987-இல் எரிந்து, வெட்டி, நட்டு வளர்த்த பகுதிகள் 2002 தீயில், வெட்டாமல் விட்ட பகுதிகளைவிடக் கடுமையாக எரிந்திருந்தன.

எதிர்த்தரப்பில் வெறும் மரவியாபாரம்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, உலர்ந்த ஊசியிலைக் காடுகளில் வெட்டியபின் முதல் சில ஆண்டுகள் தரையில் விறகு கூடினாலும், பிறகு நாற்பது ஆண்டுவரை அது வெட்டாத இடத்தைவிடக் குறைவாகவே இருந்தது என்றது. நின்ற பட்டமரங்கள் பின்னால் விழுந்துதானே ஆக வேண்டும்? ஆக, அடுத்த தீ எப்போது வரும் என்பதைப் பொறுத்து இரண்டு பேர் சொல்வதும் சரியாகலாம்.

சேர்வராயனில் அந்தக் கேள்விக்கு விடை தெரியும். இங்கே அடுத்த தீ நாற்பது ஆண்டு கழித்து வருவதில்லை. அடுத்த பங்குனியிலேயே வரலாம். அப்படியானால் வெட்டித் தள்ளிய கிளைக்குவியல்தான் ஆபத்து, நிற்கும் மரம் அல்ல. தவிர, எல்லோஸ்டோனில் காடு திரும்பி வந்தது விதையால். நம் இலையுதிர் காடு திரும்புவது பெரும்பாலும் வேரால். வெட்டிய மரத்தைச் சரிவில் இழுத்துவரும்போது முதலில் நசுங்குவது அந்த வேர்த்துளிர்தான். பட்ட மரத்தின் பொந்தில் மரங்கொத்தியும் குக்குறுவானும் ஆந்தையும் குடியிருக்கும், அவை தின்னும் பூச்சியும் பரப்பும் விதையும் தோட்டக்காரருக்கும் லாபம்தான். ஏக்கருக்கு இரண்டு மூன்று பெரிய பட்டமரங்களையாவது, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், விட்டுவையுங்கள்.

சட்டம் எங்கே நிறுத்துகிறது

காப்புக்காட்டில் எரிந்த மரம், விழுந்த மரம், விறகு எதையும் தொட உங்களுக்கு உரிமையில்லை, பேச்சு அங்கேயே முடிந்தது. பட்டா நிலத்திலும் எரிந்துவிட்டது என்பதே அனுமதி ஆகிவிடாது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன் கீழ் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். 1996 டிசம்பர் 12-இல் காடுகளின் பாதுகாப்பு பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோட்டங்களைப் பற்றித் தனியாகவே சொன்னது: நட்டு வளர்த்த நிழல் மரங்களை மட்டும், குறிப்பிட்ட இனங்களை மட்டும், மேற்பார்வையோடு வெட்டலாம், தானாக முளைத்தவற்றைத் தொடக்கூடாது. சந்தனத்துக்கு விதிகள் இன்னும் கடுமை. சிவப்புக் கோடு போட்ட மரங்களின் படம், எண், சுற்றளவு, சாலையிலிருந்து தூரம் ஆகியவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். மரம் வாங்குகிறவர் "அனுமதியெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். வழக்கு வந்தால் நில உரிமையாளர்தான் நிற்க வேண்டும்.

அனுமதி கிடைத்து வெட்டும்போது சரிவுக்குக் குறுக்காக விழவையுங்கள். இழுத்துக்கொண்டு போகாமல், விற்க வேண்டியதை அங்கேயே அறுத்துத் தோளில் சுமந்து இறக்குவது கூலி அதிகம்தான். ஆனால் டிராக்டரால் மேலிருந்து கீழே இழுத்த தடம் முதல் கனமழையில் வாய்க்கால் ஆகும், இரண்டாவது ஆண்டில் ஓடை ஆகும். கருகிய பட்டை ரம்பப் பல்லைச் சீக்கிரம் மழுக்கும் என்பதால் அறுவை மில்லில் விலையைக் குறைப்பார்கள், பட்டை உரித்துக் கொடுத்தால் கொஞ்சம் தேறும். மிஞ்சிய கிளையைக் குவித்துக் கொளுத்துவதைப்போல் கெட்ட வேலை வேறில்லை. தீ விட்டுவைத்த மண்ணையும் அந்தக் குவியல் சுட்டுவிடும்.

மழைக்கு முன் மண்

சித்திரையில் கோடைமழை இடியோடு இறங்கும். ஆகஸ்ட் முதல் நவம்பர்வரை மழை கனக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. மூடியிருக்கும் மண்ணுக்கே அந்தக் கதி என்றால் வெறும் சாம்பல் மூடிய சரிவின் நிலை என்ன? எனவே முதல் இடி கேட்பதற்குள் இவை முடிய வேண்டும்.

முதலில் மூடாக்கு. வைக்கோலோ, எரியாத பக்கத்துச் சருகோ, ஏக்கருக்கு ஒரு டன் அளவில், நிலத்தில் பத்தில் ஏழு பங்கு மறையும்படி பரப்புங்கள். கனம் 5 செ.மீ.யைத் தாண்டினால் துளிர் மேலே வராது. சரிவின் மேல் பாதியில் தொடங்குங்கள், பணம் தீர்ந்துபோனாலும் முக்கியமான இடம் மூடியிருக்கும். தண்ணீர்ச் சோதனையில் தோற்ற இடத்தில், தோட்ட நிலமாக இருந்தால் மட்டும், களைக்கொத்தியால் சரிவுக்குக் குறுக்காக 3 முதல் 5 செ.மீ. ஆழம் கீறிவிட்டுப் பிறகு மூடுங்கள்.

அடுத்தது கட்டை வரிசை. சம உயரக் கோட்டைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கட்டாயம் தவறும். 2 மீட்டர் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக்கம்பு கட்டி, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நூல் நிற்கும் இடத்தைக் குறுக்குக்கம்பில் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி ஊன்றி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும். அதில் 5 செ.மீ. பள்ளம் தோண்டி, 15 முதல் 25 செ.மீ. தடிமனுள்ள கருகிய கட்டையைப் பதித்து, கீழ்ப்பக்கம் முளை அடித்து, மேட்டுப்பக்க இடுக்கை மண்ணால் அடையுங்கள். கட்டைக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அங்கே கூடி அரித்துவிடும், வரிசை இல்லாததே மேல் என்றாகிவிடும். மிதமான சரிவில் 8 முதல் 10 மீட்டருக்கு ஒரு வரிசை, செங்குத்தில் 5 மீட்டருக்கு ஒன்று. 8 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 500 மீட்டர் நீளம் கட்டை வேண்டும். அவ்வளவு கிடைக்காவிட்டால் உண்ணிச்செடித் தண்டுகளைக் கட்டுக்கட்டாகப் பதியுங்கள். ஆனால் கட்டை வரிசை லேசான மழைக்குத்தான். கொட்டித் தீர்க்கும் மழையில் பின்னால் மண் நிறைந்து வழிந்துவிடும். அப்போதும் மண்ணைப் பிடித்துவைப்பது மூடாக்குதான். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மூடாக்கைத் தேர்ந்தெடுங்கள்.

சின்ன ஓடைகளில் கல் அணை அடுக்கலாம்: 60 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு சாண் தாழ்வாக, இரண்டு ஓரமும் கரைக்குள் அரை மீட்டர் புதையும்படி. கீழ் அணையின் தலை மேல் அணையின் காலுக்குச் சமமாக இருக்க வேண்டும். தோட்டத்து வடிகாலையும் பாலத்தடிக் குழாயையும் தூர்வாருங்கள், முதல் மழையிலேயே சாம்பலும் சருகும் வந்து அடைக்கும்.

காபியும் உண்ணிச்செடியும்

இலை மட்டும் கருகி, தண்டு பச்சையாக இருந்தால் காபியைத் தொடாதீர்கள், மழைக்குப் பிறகு தளிர்க்கும். தண்டு செத்து அடி உயிரோடிருந்தால், நல்ல கோடைமழை ஒன்று விழுந்தபின் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள். வரும் துளிர்களில் எதிரெதிரே இரண்டை வைத்துக்கொண்டு, பிறகு ஒன்றாக்குங்கள். அந்த ஆண்டு மண்ணுக்குச் சுண்ணாம்பு போட வேண்டாம், சாம்பலே புளிப்பைக் குறைத்துவிடும்.

நிழல் போனதால் வரும் கேடுதான் பெரிது. வெயில் படும் அராபிகாத் தண்டைத் தேடித்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் முட்டையிட வரும். அது பறக்கும் காலம் ஏப்ரல், மே. பிறகு அக்டோபர் முதல் டிசம்பர். தீக்கு அடுத்து வரும் இரண்டு பருவத்திலும் 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ தெளிப்புச் சுண்ணாம்பு கலந்து தண்டிலும் தடித்த கிளையிலும் அடியுங்கள். மழை பிடித்ததும் ஆள் உயர முள்முருங்கைக் கொம்புகளை ஊன்றினால் ஓராண்டில் தற்காலிக நிழல் கிடைக்கும். மஞ்சள் கோடு போட்ட நாட்டு மரங்களை வெட்டாமல் விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இலையில்லாத கிளையும் கொஞ்சம் நிழல்தான்.

உண்ணிச்செடியை ஒழிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. முள் எரிந்து, அடி தெளிவாகத் தெரியும். தரைமட்டத்தில் வெட்டினால் பத்து மடங்காகத் தழைக்கும். மண் ஈரமானதும், தரைக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரைத் துண்டித்து, செடியைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். துளிர் விடும் பகுதி முழுக்க வெளியே வந்துவிட வேண்டும், சூட்சுமம் அவ்வளவுதான். காய் பிடிப்பதற்கு முன் முடியுங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் பறவை எச்சத்திலிருந்து மறுபடி வரும், உடனே உள்ளூர்ப் புல்விதை தூவுங்கள்.

நடவும் காவலும்

முதல் ஆண்டு கன்று நடாதீர்கள். டிசம்பரில் உங்கள் சதுரங்களுக்குப் போய் வேர்த்துளிரையும் நாற்றையும் எண்ணுங்கள். 10 மீட்டர் சதுரத்தில் நல்ல துளிர் நான்குக்கு மேல் இருந்தால் அங்கே நடவே வேண்டாம், ஒரு அடியில் பல துளிர் இருந்தால் வலுவான இரண்டை விட்டு மற்றதைக் கழியுங்கள். நான்குக்குக் கீழே என்றால் அடுத்த ஆண்டு ஜூனில், அதே சரிவின் விதையில் வளர்த்த நெல்லி, வேங்கை, புங்கன் நடலாம். சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்று தைல மரம் நடுபவர்கள் அடுத்த தீக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

இளந்துளிருக்கு ஆடுதான் எமன். இரண்டு மழைக்காலமாவது மேய்ச்சலை நிறுத்தாமல் மற்ற எந்த வேலையும் பலிக்காது. உரிமையாளர் அறிவிப்புப் பலகை வைத்தால் போதாது. ஊர்த்தலைவரான ஊர்க் கவுண்டரையும் ஆடு மேய்ப்பவர்களையும் உட்காரவைத்துப் பேசி, மாற்று மேய்ச்சலுக்கு ஒரு சரிவைக் காட்டுங்கள். எரிந்த சரிவில் வரும் புதுப்புல்லை அறுத்துக்கொண்டு போக அவர்களையே அனுமதித்தால், அடுத்த கோடைக்கு எரிபொருளும் குறையும்.

இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கண்ட தீயைக் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது, பொதுமக்களும் பதிந்துகொள்ளலாம். ஆனால் அதன் ஒரு புள்ளி 375 மீட்டர் அகலம், செய்தி வர மணிக்கணக்கிலும் ஆகலாம். கண்ணால் புகையைப் பார்த்தவர் 101-ஐயோ 112-ஐயோ அழைப்பதுதான் வேகம். வரும் தீயை நிறுத்த அதன் முன்னால் எதிர்த்தீ வைப்பதைப் பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கு விட்டுவிடுங்கள்.

தீத்தடுப்புக் கோட்டை டிசம்பர் கடைசியில், காப்புக்காட்டு எல்லையிலும் சாலை ஓரத்திலும், 3 முதல் 6 மீட்டர் அகலத்தில் மண் தெரியும்வரை செதுக்குங்கள். செதுக்கியதைக் கோட்டின் ஓரத்தில் குவிக்காமல் தோட்டத்துக்குள் கொண்டுபோய் மூடாக்காகப் போடுங்கள். தேக்கும் கருமருதும் அதன் பிறகும் இலை கொட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை செதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் கோட்டில் பிப்ரவரிக்குள் முழங்கால் சருகு சேர்ந்து, தீ அதன் மேலேயே நடந்து கடந்துவிடும். ஜனவரி கடைசியில் ஒருமுறை, பிப்ரவரி கடைசியில் ஒருமுறை, மார்ச் நடுவில் இன்னொருமுறை கூட்ட வேண்டும். கூலிக்கணக்கு போடும்போதே இந்த மூன்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.